எடையில்லாத தூண்டில்: ட்ரவுட் ஏன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது?

காஷ்மீரின் விஷன்சர், கங்காபல் ஏரிக்கரைகளில் கூடாரம் போடும் மலையேறிகளுக்குப் பழகிய காட்சி இது. கரையிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, அடிக்கல் எண்ணும்படித் தெளிந்த தண்ணீரில் முழ நீள மீன் ஒன்று நிதானமாக நீந்திப் போகிறது. நீளத் தூண்டில்கோலோடு நிற்பவர் வீசும், இறகால் செய்த போலிப் பூச்சி அதன் தலைக்கு முன்னால் விழுகிறது. மீன் மேலே வருகிறது, மூக்கு தொடும் தூரத்தில் நிற்கிறது, பிறகு திரும்பிப் போய்விடுகிறது. பார்ப்பவர்கள் அடுத்தடுத்துக் கேட்பார்கள். ஈயமோ புழுவோ இல்லாமல் இந்தத் தூண்டில் எப்படி அவ்வளவு தூரம் போகிறது? மீன் ஏன் மறுத்தது? மதியத்துக்கு மேல் சில நாடுகளில் ட்ரவுட் பிடிக்கத் தடை போடுகிறார்களாமே, அது எதற்கு?

மீனின் தந்திரத்தைக் கொண்டு இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. நீரின் ஓட்டம், ஒளி, வெப்பம் ஆகிய மூன்றையும் புரிந்துகொண்டால் முக்கால்வாசி விளங்கிவிடும்.

எந்த மீன்?

ட்ரவுட் என்ற பெயர் காஷ்மீரில் மூன்று மீன்களுக்கு வழங்குவதால் முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

1. பழுப்பு ட்ரவுட்: ஐரோப்பிய மீன். மஞ்சள் கலந்த பழுப்பு உடலில் கறுப்புப் புள்ளிகளும், வெளிறிய வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகளும் இருக்கும். லித்தர் போன்ற ஓடைகளிலும் உயர்மலை ஏரிகளிலும் தானாகவே பெருகி வாழ்கிறது.
2. வானவில் ட்ரவுட்: வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குரியது. விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும். கோக்கர்நாக் போன்ற பண்ணைகளில் வளர்ப்பது பெரும்பாலும் இதைத்தான். நீலகிரியில் உள்ளதும் இதுவே.
3. பனி ட்ரவுட்: பெயரில் மட்டும்தான் ட்ரவுட். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த, இமயமலைக்கு உரிய மீன். இதன் வாய் தலைக்கு அடியில் இருக்கிறது; பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். மேலே மிதக்கும் பூச்சிக்கு இது வருவதில்லை.

முதல் இரண்டும் ஓடும் நீரில் ஓரிடத்தில் நின்று, ஓட்டம் கொண்டுவரும் பூச்சிகளை எடுத்துத் தின்பவை. போலிப் பூச்சியை வீசிப் பிடிக்கும் இறகுத் தூண்டில் முழுக்க இந்த ஒரு பழக்கத்தை நம்பியே இருக்கிறது.

எடை எங்கே இருக்கிறது?

நம் ஊர் ஆற்றில் தூண்டில் போடும்போது ஈயக்குண்டோ ஊறிய மண்புழுவோ முன்னால் பறக்கும், தங்கூஸ் நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். இறகுத் தூண்டிலில் இது தலைகீழ். ஃப்ளை என்பது சிறிய முள்ளின்மேல் சேவல் இறகு, மான் மயிர், நூல் இவற்றைச் சுற்றிச் செய்த பூச்சி. காற்றில் விட்டெறிந்தால் காலடியில் விழும். ஆகவே எடையை நரம்பிலேயே வைத்தார்கள்.

நெகிழியால் மூடிய தடித்த நரம்பு அது. கோலுக்கும் நரம்புக்கும் எண் உண்டு. 5-ஆம் எண் நரம்பில் முதல் 30 அடி, அதாவது சுமார் 9 மீட்டர், சுமார் 9 கிராம் இருக்கும். 4-ஆம் எண்ணில் அதே நீளம் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. குறுகிய மலை ஓடைக்கு 3 அல்லது 4, காற்றடிக்கும் ஏரிக்கு 5 அல்லது 6 பொருந்தும். கோலின் எண்ணும் நரம்பின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 5-ஆம் எண் கோலில் 3-ஆம் எண் நரம்பைப் போட்டால் கோலை வளைக்க அதற்கு எடை போதாது, வளையாத கோல் வீசாது.

தடித்த நரம்புக்கும் ஃப்ளைக்கும் நடுவில் லீடர் வருகிறது. சுமார் 9 அடி நீளம், போகப் போக மெலியும் நைலான். அதன் கடைசி மெல்லிய பகுதி டிப்பெட். டிப்பெட்டின் தடிமனை எக்ஸ் எண்ணால் குறிப்பார்கள். 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 5 எக்ஸ் என்றால் 0.006 அங்குலம், சுமார் 0.15 மில்லிமீட்டர். முள்ளின் அளவெண்ணை மூன்றாலோ நான்காலோ வகுத்தால் ஏற்ற எக்ஸ் எண் கிடைக்கும். 16-ஆம் அளவு முள்ளுக்கு 4 அல்லது 5 எக்ஸ்.

வீச்சில் கெடுவது

பின்வீச்சில் நரம்பு முதுகுக்குப் பின்னால் முழுக்க நீண்டு விரிய வேண்டும். விரிந்த நரம்பின் எடைதான் கோலை வளைக்கிறது, வளைந்த கோல் நிமிரும்போது நரம்பு முன்னால் பறக்கிறது. இந்தக் காத்திருப்பைப் பழகாதவர்களுக்கு நேர்வது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வரிசைதான்:

1. சாட்டை அடித்தாற்போல் 'சட்' என்று சத்தம், ஃப்ளையைக் காணோம். பின்னால் நரம்பு நிமிரும் முன்பே முன்னால் இழுத்துவிட்டார். தூரம் கூடக் கூட நிறுத்தும் நேரமும் கூட வேண்டும்.
2. டிப்பெட்டில் தானாக விழுந்த சின்ன முடிச்சுகள். பழியைக் காற்றின்மேல் போடுவார்கள். காரணம், முன்வீச்சின் தொடக்கத்திலேயே முழு பலத்தையும் கொடுத்தது. கோலின் நுனி நேர்கோட்டை விட்டுத் தாழ, நரம்பின் மேல் வளையம் கீழ் வளையத்தின் குறுக்கே விழுந்து சிக்குகிறது. பலத்தை மெல்லத் தொடங்கி முடிவில் கூட்டி, சட்டென்று நிறுத்த வேண்டும். விழுந்த முடிச்சை அப்படியே விட்டால் டிப்பெட்டின் பலம் பாதியளவுக்குக் குறையும். வெட்டிவிட்டுப் புதிது கட்டுவதே சரி.
3. லீடர் நிமிராமல் குவியலாக விழுவது. பெரிய ஃப்ளைக்கு மிக மெல்லிய டிப்பெட். தடிமனைக் கூட்டவும்.
4. தண்ணீரை அறைந்து விழுவது. நீரின்மேல் குறி வைத்திருக்கிறார். நீருக்கு ஒரு மீட்டர் மேலே குறி வைத்தால் நரம்பு அங்கே நிமிர்ந்து, மெதுவாகக் கீழே இறங்கும்.

முதுகுக்குப் பின்னால் மரங்கள் நெருங்கியிருந்தால் பின்வீச்சே கூடாது. நரம்பை நீரின்மேல் கிடக்கவிட்டு, கோலை மெதுவாகத் தோளுக்குப் பின் கொண்டுவந்து, நரம்பு வயிறுபோல் தொங்கியதும் முன்னால் உருட்டிவிட வேண்டும். நீரின் பிடிப்பே இங்கு பின்வீச்சின் வேலையைச் செய்துவிடும்.

மீன் நம்மை எங்கிருந்து பார்க்கிறது?

நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் வட்டமான ஒரு சாளரத்துக்குள்தான் தெரியும். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால் இப்படி. அந்த வட்டத்தின் விட்டம் மீன் நிற்கும் ஆழத்தைப் போல் இரண்டேகால் மடங்கு. 60 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு 1.35 மீட்டர் வட்டம், 30 செ.மீ. ஆழத்தில் 68 செ.மீ. வட்டம். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு அதற்குக் கண்ணாடி: ஓடையின் அடித்தளமே அதில் பிரதிபலிக்கும்.

வட்டத்தின் விளிம்பில், நீரோடு ஏறக்குறைய 10 பாகைக்குள் உள்ள எதுவும் நசுங்கி மங்கிப்போகும். 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவர் நின்றபடி இந்த 10 பாகைக்குள் அடங்க, வட்டத்தின் விளிம்பிலிருந்து சுமார் 9.6 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மண்டியிட்டு உயரத்தை ஒரு மீட்டராக்கினால் 5.7 மீட்டர் போதும். நல்ல மீன்பிடிப்பாளர்களின் கால்சட்டை முழங்காலில் தேய்ந்திருப்பதற்கு இந்தக் கணக்கே காரணம். மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும், வால் பக்கம் அதன் பார்வைக்கு மறைவு. ஆகவே கீழிருந்து மேல்நோக்கி நடந்து போவதே முறை.

மீன் நிற்கும் இடமும் ஓட்டத்தைப் பொறுத்தது. வேகமான நீரில் எதிர்த்து நிற்க சக்தி செலவாகும், வேகமில்லாத நீரில் தீனி வராது. இரண்டும் உரசும் கோட்டில், மெதுவான பக்கம் அது நிற்கும்: பாறைக்குப் பின்னால், பாறைக்கு முன்னால் நீர் முட்டிப் பிரியும் சிறு மெத்தையில், மடுவின் தலைப்பில், கரை குடைந்த நிழலில். நுரை ஒரு கோடாகப் போகிறதா, தீனியும் அந்தக் கோட்டில்தான் போகிறது.

இழுவை: மறுப்பின் முதல் காரணம்

மீன் வந்து திரும்பிப் போனதும் பெரும்பாலோர் ஃப்ளையை மாற்றுவார்கள். பெட்டியில் இருப்பதெல்லாம் தீரும்வரை மாற்றுவார்கள். பெரும்பாலும் குற்றம் ஃப்ளையில் இல்லை. அது நகர்ந்த விதத்தில் இருக்கிறது.

உண்மையான மேஃப்ளைப் பூச்சி நீரின் வேகத்தில் மட்டுமே மிதந்து வரும். தூண்டில் ஃப்ளையோ ஒரு கயிற்றின் முனையில் இருக்கிறது. ஃப்ளை மெதுவான நீரில் கிடக்க, நடுவில் உள்ள வேகமான நீரின்மேல் நரம்பு விழுந்தால், இரண்டு மூன்று நொடிகளில் நரம்பு கீழ்நோக்கி வில்லாக வளைந்து ஃப்ளையை இழுக்கும். ஃப்ளைக்குப் பின்னால் படகுக்குப் பின்னால் விழுவது போன்ற சிறு அலைக்கோடு தெரிந்தால் இழுவை என்று நமக்கே தெரியும். நம் கண்ணுக்குத் தெரியாத இழுவைதான் ஆபத்தானது. கீழிருந்து பார்க்கும் மீனுக்குப் பூச்சியின் கால்கள் நீர்த்தோலில் பதிந்த பள்ளங்கள் ஒளிப்புள்ளிகளாகத் தெரிகின்றன. அந்தப் புள்ளிகள் அரை விரல் அளவு ஒதுங்கினாலும் அதற்குப் போதும்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஃப்ளைக்குப் பக்கத்தில் போகும் ஒரு நுரைக்குமிழியைப் பார்க்கவும். இரண்டும் ஜோடியாகப் போனால் சரி. குமிழி முந்தினாலோ பிந்தினாலோ அது இழுவை. தீர்வுகளை இந்த வரிசையில் முயலலாம்:

1. இடம் மாறுங்கள். இரண்டடி மேலே நகர்ந்தால் நடுவிலுள்ள வேக நீரைத் தாண்ட வேண்டியிராது. மற்ற எல்லாவற்றையும்விட இது பலன் தரும், ஆனாலும் கடைசியாகத்தான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது.
2. குறுகிய ஓடையில் கோலை உயர்த்தி, நரம்பை நீரில் படாமல் பிடியுங்கள். லீடர் மட்டும் நீரைத் தொடட்டும்.
3. நடுவில் வேக நீர் இருந்தால், ஃப்ளை விழுந்த உடனே கோல் நுனியால் நரம்பின் வயிற்றைத் தூக்கி ஓட்டத்துக்கு எதிரே மடித்துப் போடுங்கள். இதற்கு மெண்டிங் என்று பெயர். ஃப்ளை வேகத்திலும் நரம்பு மெதுவான நீரிலும் இருந்தால் மடிப்பு கீழ்நோக்கி. வில் வளைந்த பிறகு மடித்தால் மடிப்பே ஃப்ளையை இழுத்துவிடும்.
4. டிப்பெட்டை ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு நீட்டி, தளர்வாக நெளிந்து விழும்படி வீசுங்கள். நெளிவு நிமிரும்வரை ஃப்ளைக்குச் சுதந்திரம்.

இவ்வளவும் செய்தபின் மறுத்தால் ஃப்ளையின் அளவைக் குறைக்கவும். நிறத்தை மாற்றுவது அதற்கும் அப்புறம்.

அடியில் மேயும்போது

ட்ரவுட் தன் தீனியில் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் எடுக்கிறது. கல்லைப் புரட்டினால் தட்டையாக ஒட்டிக்கொண்டு ஓடும் இளம்பூச்சிகளும், மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்ட புழுக்களும் தெரியும். இவற்றைப் போலச் செய்த ஃப்ளைக்கு நிம்ஃப் என்று பெயர். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் செய்த நிம்ஃபில் நூலே கிடையாது. காட்டுக்கோழி இனமான ஃபெசன்டின் வால் இழைகளை மெல்லிய செம்புக் கம்பியால் கட்டினார். கட்டுவதற்கான பொருளே மூழ்குவதற்கான எடையும் ஆயிற்று.

நிம்ஃபை அடியில் உருட்ட, நரம்பில் ஒரு சிறு தக்கை போடுவார்கள். தக்கையிலிருந்து நிம்ஃப் வரை நீளம், நீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு. பத்து வீச்சில் இரண்டு மூன்று முறையாவது கல்லைத் தட்ட வேண்டும். ஒருமுறைகூடத் தட்டாவிட்டால் எடை போதவில்லை, ஒவ்வொரு முறையும் சிக்கினால் எடை அதிகம். தக்கை மூழ்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கணம் தயங்கி நின்றாலே கோலை உயர்த்தலாம். கல்லோ மீனோ, அப்புறம் தெரிந்துவிடும்.

ஏரியில் கணக்கு மாறுகிறது

ஓடையில் மீன் நிற்க, தீனி வரும். ஏரியில் தீனி நிற்க, மீன் சுற்றும். கங்காபல் சுமார் 3,570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்து ஏரியில் நீரிலேயே பிறக்கும் பூச்சி குறைவு. புல்வெளியிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வரும் வண்டும் எறும்பும் வெட்டுக்கிளியும் பெரிய விருந்து. எனவே காற்று முகத்தில் அடிக்கும் கரை நல்ல கரை. வீச வசதியில்லை என்று முதுகில் காற்று வாங்கிக்கொண்டு நிற்பவர், தீனி போய்ச் சேராத கரையில் நிற்கிறார்.

ஓடை வந்து விழும் வாய், வெளிர்பச்சைத் தண்ணீர் கருநீலமாக மாறும் சரிவின் விளிம்பு இரண்டையும் கவனிக்கலாம். மீன் கண்ணில் பட்டால் அதன்மேல் வீசக் கூடாது. அது போகும் வழியில் மூன்று மீட்டர் முன்னால் போட்டுவிட்டு, அது நெருங்கியதும் ஒரு விரல் அளவு மட்டும் நகர்த்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் தேடுவதென்றால் மெதுவாக மூழ்கும் நரம்பு. நொடிக்கு 4 செ.மீ. மூழ்கும் நரம்பு 2 மீட்டர் இறங்க 50 நொடி ஆகும். எண்ணிவிட்டு இழுக்கவும். மீன் கடித்த எண் நினைவில் இருந்தால் அடுத்த வீச்சும் அதே ஆழத்துக்குப் போகும்.

மதியம் இரண்டு மணியின் பொருள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கோடைச் சூடு ஏறும்போது சில ஆறுகளில் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை விதிக்கிறார்கள். காரணம் வெப்பநிலை. ட்ரவுட் நன்றாக மேய்வது ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் நீரில். 20-ஐ நெருங்கினால் திணறும், 25 பக்கம் போனால் பிழைப்பது அரிது.

நீர் சூடானால் மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது, நீரிலோ அது குறைகிறது. கடல்மட்டத்தில் 10 டிகிரி நீரின் ஒரு லிட்டரில் கரையக்கூடிய ஆக்சிஜன் சுமார் 11.3 மில்லிகிராம், 20 டிகிரியில் 9.1. மலையில் காற்றழுத்தமும் குறைவு. 2,200 மீட்டர் அளவில் உள்ள பஹல்காமில் இதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் இருக்கும். தூண்டிலில் போராடிக் களைத்த மீன் அந்த நீரில் மூச்சைத் திரும்பப் பிடிக்க முடியாமல், நீந்திப் போன பிறகும் செத்துவிடலாம். விட்டுவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம்.

லித்தரில் மே, ஜூன் மாதங்களில் பிற்பகல் வேறு வகையில் கெட்டது. காலைப் பனிக்குளிரில் சன்னமாக ஓடிய நீர், வெயில் ஏறிப் பனி உருகியதும் வீங்கிச் சாம்பல் நிறமாகும். மீன் பூச்சியைப் பார்க்கவே முடியாது. ஓடையில் இறங்கும் ஒவ்வொருவர் பையிலும் வெப்பமானி இருக்க வேண்டும். 19 டிகிரி காட்டினால் கோலை மடக்கிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

விடுவதற்காகப் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள்.
2. தேவைக்கு மேல் மெல்லிய டிப்பெட் வேண்டாம். மெலிந்தால் போராட்டம் நீளும்.
3. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பான மேற்பூச்சை உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும்.
4. செவுளுக்குள் விரல் விடாதீர்கள். படம் எடுப்பதென்றால் நீருக்கு வெளியே பத்து நொடிக்கு மேல் வேண்டாம்.
5. தலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்து, அதுவாகக் கையை உதறிப் போகும்வரை தாங்குங்கள்.

வந்தேறி மீன்

இந்த மீன்கள் நம் மலைகளில் பிறந்தவையல்ல. மீனியலாளர் ஃபிரான்சிஸ் டே 1863-இல் நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றது தோல்வியடைந்தது. வெப்பக் கடலைத் தாண்டும் கப்பலில் முட்டை குளிர்ச்சியாக இருக்க வேண்டுமே! 1864-இல் டாஸ்மேனியாவுக்குப் போன முட்டைகள் பாசிக்குள் பொதிந்து பனிக்கட்டியில் வைத்ததால் பிழைத்தன. காஷ்மீருக்கு 1899-இல் வந்த முதல் தொகுதி அழிந்து, ஸ்காட்லாந்திலிருந்து 1900-இல் வந்தது பொரித்தது. ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய எஃப்.ஜே. மிட்செல் அதைப் பராமரித்தார். நீலகிரியில் மீன் வளர்ப்பு வல்லுநர் எச்.சி. வில்சன் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டின் பிற்பாதியில் வானவில் ட்ரவுட்டை நிலைநிறுத்தினார். அவலாஞ்சிப் பொரிப்பகம் அந்தக் காலத்தது.

உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் பழுப்பு ட்ரவுட், வானவில் ட்ரவுட் இரண்டுமே உள்ளன. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், மீனே இல்லாதிருந்த ஏரிகளில் ட்ரவுட்டை விட்டதும் மஞ்சள்கால் தவளைகள் அழிந்தன. சில ஏரிகளிலிருந்து மீனை எடுத்ததும் தவளைகள் திரும்பின. எனவே மீனில்லாத ஓடையில் ஆசைக்காகக் குஞ்சு விடுவதை எந்தச் சாக்கிலும் ஏற்க முடியாது. நீலகிரியில் ட்ரவுட் ஓடைகள் சில முக்குர்த்தி தேசியப் பூங்காவுக்குள் ஓடுகின்றன. அங்கே தூண்டில் போட இடமில்லை. காஷ்மீரில் மீன்வளத் துறை ஓடைகளைப் பகுதிகளாகப் பிரித்து நாள்சீட்டு தருகிறது. எந்தப் பகுதி, எத்தனை மீன் என்பதைச் சீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கே மீன்பிடிப் பருவம் பொதுவாக ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பரோடு முடிவதற்கும் காரணம் முட்டைதான். இலையுதிர்காலத்தில் பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்துப் பரல் கற்களைத் தோண்டி, முட்டையிட்டு, மேலிருந்த கற்களாலேயே மூடும். பழுப்பு ட்ரவுட்டின் முட்டை பொரிக்க, தினசரி நீர்வெப்பத்தைக் கூட்டினால் சுமார் 400 வர வேண்டும். 5 டிகிரி நீரில் 80 நாள். பொரித்த குஞ்சும் பல வாரம் கல்லிடுக்கிலேயே கிடக்கும். பாசி படிந்து கறுத்த ஓடைத்தரையில், யாரோ தேய்த்துக் கழுவியதுபோல் வெளிறிய கற்கள் ஒரு முறம் அளவுக்கு மேடாகக் கிடந்தால் அது முட்டைக்குழி. மழைக்காலம் முடிந்து ஓடையைக் கடக்கும் மலையேறிகள் கால் வைக்கத் தோதான, வழுக்காத இடம் என்று நினைத்து அந்தக் கற்கள்மேல்தான் மிதிக்கிறார்கள். பாசி படிந்த கல் வழுக்கினாலும் பரவாயில்லை, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே நடந்து கடந்துவிடுங்கள்.